கேட்காத கேள்விக்கு வெள்ளைப் பூ

ஆனி 29, ஞாயிறு

வந்தவர்கள்: எதிர்வீட்டு ருக்மணியின் மகள் பூரணி (ஒன்பதாம் வகுப்பு), பால் பூத்துக்காரர் மகள் ஹாஜிரா (ஐந்தாம் வகுப்பு), மாடிவீட்டு அகரன் (மூன்றாம் வகுப்பு), நான். என் வீட்டுக்காரர் செய்தித்தாளோடு நாற்காலியில் இருந்தார். தன்னைக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்றார். எலுமிச்சைச் செடியில் புழுக்கள் ஐந்து. அவற்றையும் வருகையில் எழுதியே ஆகவேண்டும் என்று அகரன் அடம்பிடித்ததால் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் அந்தப் புழுக்களைச் சோப்புத் தண்ணீரில் போட வாளியோடு போனேன். "கொல்லாதீங்க அத்தை, அது பட்டாம்பூச்சியோட கொழந்தை" என்று அகரன் அலறிய அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது. நூலகத்தில் போய்ப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. பெயர் எலுமிச்சை அழகி. அதிலிருந்து பிடித்ததுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. நான் எட்டாவதோடு நின்றவள், வகுப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஆளுக்கொரு நோட்டு, பென்சில், எல்லாம் முறையாக.

விதி இரண்டு. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் வரைய வேண்டும், எழுத வேண்டும். எழுதும் பாட்டில், 'இது அது மாதிரி' என்று ஒப்பிட, ஒரு பாட்டுக்கு ஒரு 'மாதிரி'தான். இரண்டாவது 'மாதிரி' வேண்டுமானால் அடுத்த வாரக் கணக்கில் கழிக்கப்படும்.

இப்போது புழுக்கள் கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கை எச்சம் போலவே இருக்கின்றன. பறவை கொத்தாமல் இருக்க அந்த வேஷம். அகரன் எழுதியது:

காக்கா எச்சம் நடக்குது.
யார்கிட்டயும் சொல்லாதீங்க.

இதில் ஒரு 'மாதிரி'கூட இல்லை. அந்த மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வரவு வைக்கச் சொன்னான். வைத்தேன்.

ஆடி 2, வெள்ளி

விளக்கு துலக்கி, மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட்டு நிமிர்ந்தேன். ருக்மணி வாசலில் நின்றாள். மில்லில் ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறாள், தலையெல்லாம் பஞ்சு.

"நாயகியக்கா, ஒரு நல்ல காரியம் நெனச்சிருக்கறனுங்க. மாகாளியம்மங்கிட்ட பூக் கேட்டுக் குடுங்க்கா. எனக்கு இன்னிக்குக் கோயலுக்குப் போற நாளில்ல."

"அடுத்த வெள்ளி நீயே கேட்டுக்கலாமே?"

"உங்க கையில கேட்டாத் தட்டாதுங்க்கா. ஊரே சொல்லுது."

ஊர் சொல்கிறது என்றதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. என்ன காரியம் என்று நான் கேட்கவில்லை. நினைத்ததை வெளியே சொன்னால் பலிக்காது என்பது வழக்கம். அம்மனுக்குத் தெரிந்தால் போதும். மனை வாங்கப் போகிறாள் போலிருக்கிறது, பாவம், வாடகை வீட்டில் எத்தனை நாள்.

பூரணி பள்ளி விட்டு வந்ததும் அவளையும் கூட்டிப் போனேன். கோயில் அரளியில் கண்ணாடிபோல் மின்னும் கூட்டுப்புழு இருக்கிறதாம், வரைய வேண்டுமாம். பூசாரி வெள்ளை நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் போட்டார். எங்கள் ஊரில் வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பொட்டலத்தைக் குழந்தை கையால் எடுக்க வேண்டும்.

"கொழந்தைக யாராச்சும் இருக்கறாங்களா?" என்று பூசாரி கேட்டார்.

"இவ இருக்கறாளே" என்றேன்.

"எதுக்கு அத்தை?"

"உங்கம்மா ஒரு நல்ல காரியம் நெனச்சிருக்கறா. சாமியக் கும்பிட்டு ஒண்ணு எடு கண்ணு."

பூரணி கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். வெள்ளை. என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். "வந்திருச்சு அத்தை!" என்று, வரைய வந்த கூட்டையும் மறந்து, அம்மாவிடம் சொல்ல ஓடினாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

என் கல்யாணமும் இதே சந்நிதியில் பூக் கேட்டு நடந்ததுதான். எட்டாவது முடித்த வைகாசியில் நடந்தது. அம்மன் கொடுத்த வாழ்க்கை, அதில் குறை சொல்ல நான் யார்?

ஆடி 4, ஞாயிறு

வந்தவர்கள்: மூன்று பிள்ளைகளும், நானும். புழு நான்கு. ஒன்றைக் கரிச்சான் குருவி கொத்திக்கொண்டு போனதை ஹாஜிரா பார்த்துவிட்டு அரைமணி நேரம் அழுதாள். பார்த்ததை எழுத வேண்டும் என்று விதி இருப்பதால் அழுதுகொண்டே எழுதினாள்.

புழுக்கள் தோலுரித்துப் பச்சையாகிவிட்டன. அகரன் ஒன்றை விரலால் தொட்டான். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு வெளியே வந்தது. ஒரு நாற்றம்! செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவர், "ஏம்மிணி, வெங்காயம் அழுகிப்போச்சா?" என்றார். உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறவர், அழுகல் வாடை அவருக்கு அத்துபடி.

பூரணி எழுதியது:

தொட்டால் கொம்பு வருகிறது.
தொடாதவர்களுக்கு
அது வெறும் இலை.

இரண்டு முறை படித்தேன். இந்தப் பெண்ணுக்கு எழுத்து வருகிறது. பெரிய படிப்புப் படிக்க வேண்டும். ருக்மணியிடம் சொல்ல வேண்டும்.

ஆடி 9, வெள்ளி

கூழ் ஊற்றினோம். ருக்மணியின் தம்பி நாகராசு திருப்பூரிலிருந்து வந்திருக்கிறான், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பூரணிக்கு ஜரிகை வைத்த பாவாடை தாவணி வாங்கி வந்தானாம், ருக்மணி கொண்டுவந்து காட்டினாள். தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆடி 11, ஞாயிறு

வந்தவர்கள்: மூவர். நான்கு புழுவும் கூடாகிவிட்டன. வாலைக் குச்சியில் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கின்றன.

"பெல்ட் போட்டிருக்கு" என்றான் அகரன்.

"பஸ்ல கம்பியில சாஞ்சு தூங்கறாங்கல்ல, எங்க அத்தாவாட்ட, அந்த மாதிரி" என்றாள் ஹாஜிரா. இந்த வார 'மாதிரி' அதோடு தீர்ந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். புழு முக்காலும் கரைந்து கூழாகி, அந்தக் கூழிலிருந்து சிறகு உண்டாகிறது என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். பூரணிக்கு நம்பிக்கை வரவில்லை. "வலிக்காதா அத்தை?" என்றாள். புத்தகத்தில் அது போட்டிருக்கவில்லை.

ஆடி 18, ஞாயிறு, பெருக்கு

வந்தவர்கள்: பூரணி, ஹாஜிரா, அகரன், நான், அவர். பிறகு ருக்மணி.

இதை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் பிள்ளைகள் செடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூட்டின் தோல் மெலிந்து உள்ளே மஞ்சளும் கறுப்புமாகச் சிறகு தெரிந்தது. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ருக்மணி தேங்காய்ச் சோறும் எலுமிச்சம் சோறும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மொதல்ல உங்களுக்குத்தானுங்க்கா. ஆவணி பத்து கழிச்சு முகூர்த்தம் குறிச்சாச்சு."

"வீட்டுக்கா? மனையா, கட்டுன வீடா?"

"வீடா? என்னங்க்கா நீங்க! பூரணிக்குத்தான். எந்தம்பிக்கு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன்.

"அவ ஒன்பதாவது படிக்கறா, ருக்மணி."

"தெரியாதுங்களா எனக்கு, நான் பெத்தவ. மண்டபமெல்லாம் இல்லீங்க, கோயல்ல ஊட்டு ஆளுகளோட. அப்பறம் கல்யாண வயசு வந்ததும் ஊரைக் கூப்புட்டுக்கலாம். நீங்கதான அக்கா உத்தரவு வாங்கிக் குடுத்தீங்க! வெள்ளை வந்தன்னிக்கே தம்பிக்குப் போன் போட்டுட்டேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். அதுவரை அவர் மடித்து நான் பார்த்ததில்லை, அப்படியே போட்டுவிட்டுத்தான் எழுவார்.

பூரணியைப் பார்த்தேன். அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது என்பது முகத்தில் இருந்தது. தன் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நாந்தானே அத்தை எடுத்தேன்" என்றாள்.

"ஆமா, எம் பொண்ணு கையாலயே எடுத்தா. சாமி உத்தரவக் குத்தஞ் சொல்ல ஆருக்கு வாய் வரும்?" என்றாள் ருக்மணி.

அகரன் "வந்திருச்சு, வந்திருச்சு!" என்று கத்தினான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். கூடு காலியாக இருந்தது, பூச்சி சிறகு நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்த நொடியை ஒருவரும் பார்க்கவில்லை, அவனைத் தவிர.

ஆடி 19, திங்கள்

வாங்கியவை: பால், தயிர், தக்காளி. வேறு எழுத முடியவில்லை.

ஆடி 20, செவ்வாய்

மில் பஸ் வரும் இடத்தில் ருக்மணியைப் பிடித்தேன். சட்டம் ஒன்று இருக்கிறது, பதினெட்டு ஆகவேண்டும் என்றேன்.

"சட்டம் எம்பட ஊட்டுல வந்து படுக்குமாக்கா? எம்பட ஊட்டுக்காரரு லாரியோட போனா மாசம் ஒருக்கா வர்றாரு. நான் நைட் ஷிப்டுக்குப் போயிட்டு, பொட்டப்புள்ளய உள்ள வெச்சுப் பூட்டிட்டு, வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு மிசின்ல நிக்கறேன். போன மாசம் எவனோ கதவத் தட்டியிருக்கறான். உங்ககிட்டச் சொன்னாளா? சொல்ல மாட்டா. எந்தம்பி கெட்ட பழக்கம் இல்லாதவன். அவங்கிட்ட உட்டா நான் தூங்குவேன்."

எதிர்வீட்டில் இருக்கிறேன். கதவு தட்டிய சத்தம் என் காதில் விழவில்லை.

பஸ்ஸில் ஏறும்போது, "எம்மேல கோவமுன்னா அம்மங்கிட்டயே கேளுங்க்கா" என்றாள்.

அவரிடம் சொன்னேன். "அடுத்த ஊட்டு விசயம்" என்றார்.

ஆடி 21, புதன்

அம்மாவுக்குப் போன் போட்டேன். என் கல்யாணத்துக்குப் பூக் கேட்டபோது என்ன சொல்லிக் கேட்டார்கள், கல்யாணம் என்று வாய்விட்டுச் சொன்னார்களா, மனசுக்குள் நினைத்தார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். முறை தெரிந்தால் ருக்மணியிடம் பேச ஒரு பிடி கிடைக்கும் என்று.

"அதையெதுக்கு இப்பக் கேக்கறே?" என்று அம்மா சிரித்தாள். "வாய்விட்டுத்தான் கேட்டோம். மொதத் தடவை செவப்பு."

"என்ன?"

"செவப்புதான் கண்ணு. சரி, புள்ள கை மாத்தி எடுத்திருச்சுன்னு மறுக்காக் கேட்டோம். அதுவும் செவப்பு. உங்கப்பன், உத்தரவு வராம ஊட்டுக்கு வரமாட்டேன்னு கோயல்லயே உக்காந்துக்கிட்டாரு. நல்ல சம்பந்தம், கைநழுவுதேன்னு. அப்பறம் பூசாரி பாவம் பார்த்து மூணாந்தடவை ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே வெச்சுட்டாப்ல."

"பொய்தானேம்மா அது?"

"பொய்யென்ன பொய்யி? வெள்ளை வந்துச்சா இல்லியா? அம்மனும் மனசு மாறுவா. ஏன், உனக்கென்ன கொறை இப்போ?"

குறை ஒன்றும் இல்லை என்றேன். மருந்து ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆடி 22, வியாழன்

மூன்றாவது தடவை வந்த வெள்ளையைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று அவரிடமே கேட்டேன். ரொம்ப நேரம் மோரையே கலக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியும். நானும் அன்னிக்குக் கோயல்ல, வெளிய நின்னுட்டிருந்தேன்" என்றார்.

ரசத்தில் உப்புப் போட மறந்திருக்கிறேன். சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஆடி 23, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. ஆடி வெள்ளியில் போகாதது, எனக்கு நினைவு தெரிந்து, இதுதான் முதல். கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அம்மன் மேல் இல்லை.

ஆடி 25, ஞாயிறு

வந்தவர்கள்: ஹாஜிரா, அகரன். பூரணியை அனுப்பவில்லை. பிறகு அவளாகவே வந்தாள், தலையில் எண்ணெய் வழிய. "அம்மா தூங்குது" என்றாள்.

மிச்சமிருந்த மூன்று கூடுகளில் இரண்டு ஏற்கெனவே திறந்து பறந்துவிட்டன. நான்காவது மட்டும் பழுப்பாகி அப்படியே இருந்தது. பொறுமையாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டின் பக்கத்தில் ஊசி குத்தினாற்போல ஓர் ஓட்டை விழுந்தது. அதிலிருந்து எறும்பைவிடச் சிறியதாக ஒரு குளவி வந்தது. இன்னொன்று. இன்னொன்று. வந்துகொண்டே இருந்தன.

ஹாஜிரா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அகரன் வாய் மூடவில்லை. "அத்தை, உள்ள வேற யாரோ இருந்திருக்காங்க!"

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். புழு கூடாகும் நேரத்தில், தோல் இளசாக இருக்கும்போதே, தாய்க்குளவி வந்து முட்டை வைத்துவிடுமாம். வெளியே கூடு எப்போதும்போல் நன்றாகவே தெரியுமாம். நாங்களும் தினமும் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. அழகாக வரைந்துகூட வைத்திருக்கிறோம்.

எழுதுவதா வேண்டாமா என்று பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததைத்தானே எழுத வேண்டும், எழுதுங்கள் என்றேன். பூரணி எழுதவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

மற்ற இருவரும் போன பிறகு அவளைச் சமையலறையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"உனக்குச் சம்மதமா, பூரணி?"

"எனக்கு நாகராசு மாமாவைப் பிடிக்கும் அத்தை." கொஞ்சம் நிறுத்தி, "மாமாவாத்தான் பிடிக்கும்" என்றாள்.

"அப்போ அம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்பிடிச் சொல்றது? சாமிக்கு முன்னாடி நானே எடுத்துக் குடுத்துட்டேன். மாத்திப் பேசினா அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருமில்ல? மிசின்ல கைகிய்யி மாட்டிக்கிட்டா?"

இதைத்தான் இத்தனை நாளும் இந்தக் குழந்தை உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"இங்க பாரு கண்ணு. நீ எடுத்தே. ஆனா என்ன கேட்டு எடுத்தோமுன்னு எனக்கே தெரியாது. நான் கல்யாணமுன்னு சொல்லல. உன் பேரைச் சொல்லல. வெறுமனே நல்ல காரியமுன்னு சொன்னேன். நீ நல்லாப் படிச்சு முன்னுக்கு வர்றதும் நல்ல காரியந்தான். அம்மன் எதுக்கு வெள்ளை குடுத்தாளோ, அது உனக்கும் தெரியாது, உங்கம்மாவுக்கும் தெரியாது."

என்னையே பார்த்தாள். பிறகு அழுதாள். ஒரு வாரத்து அழுகையும் சேர்த்து அழுதாள். தட்டில் இட்லியை வைத்தேன். அழுதுகொண்டே நாலும் தின்றாள்.

ஆடி 26, திங்கள்

காபி கொடுக்கும்போது அவர் கேட்டார்: "அந்தப் புள்ள எந்த ரூம்ல படுக்கும்?"

"எந்தப் புள்ள?"

"ருக்மணி புள்ளதான். அவங்கம்மா நைட் ஷிப்டு போறன்னிக்கு. ஜன்னல் இருக்கற ரூம்பைக் குடு, படிக்கறதுக்கு வெளிச்சம் வேணும்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் அதிகம் பேசியதில்லை. இன்றைக்குப் பேசியதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கோயிலுக்கு வெளியே நின்றபோது அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்கலாம். கேட்கவில்லை, இன்னும்.

ஆடி 27, செவ்வாய்

ருக்மணிக்கு எழுதி, ஷிப்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்தேன். நேரில் பேசினால் அவளும் அழுவாள், நானும் அழுவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். இங்கே நகல் எழுதி வைக்கிறேன்.

ருக்மணிக்கு,

மாகாளியம்மன் துணை.

நீ கேட்கச் சொன்னபடி பூக் கேட்டது நான்தான். கல்யாணத்துக்கு என்று நீ என்னிடம் சொல்லவில்லை, நானும் உன்னிடம் கேட்கவில்லை. அது என் தப்பு. பூரணியை எடுக்க வைத்ததும் என் தப்பு. அவள் கையில் வந்த வெள்ளைப் பூ இந்தக் கல்யாணத்துக்கு உத்தரவு ஆகாது. கேட்காத கேள்விக்கு அம்மன் பதில் சொல்ல மாட்டாள். மறுபடி கேட்கலாம் என்று சொல்லாதே. வேண்டிய பூ வருகிற வரைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித்தான் கேட்டார்கள். அம்மன் எனக்காக இரண்டு முறை வேண்டாம் என்றாள். ஒருவரும் காது கொடுக்கவில்லை. எனக்கே போன வாரம்தான் தெரியும்.

பூரணிக்கு இந்தக் கல்யாணத்தில் மனசில்லை. அவளே என்னிடம் சொன்னாள். அவளை அடிக்காதே. அவள் பயப்படுவதெல்லாம் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான்.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. நீ நைட் ஷிப்டு போகிற நாளெல்லாம் பூரணி எங்கள் வீட்டில் படுக்கட்டும், சாப்பிடட்டும், படிக்கட்டும். ஜன்னல் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். அவரும் சொல்லிவிட்டார். அவள் பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் இது என் பொறுப்பு.

முகூர்த்தத்தை நிறுத்த மாட்டேன் என்றால் நான் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். உன்னை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது என்று முன்னாலேயே சொல்கிறேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் போனாலும் நான் எதிர்வீட்டில்தான் இருப்பேன்.

முகூர்த்தம் வேண்டாம் என்று தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார். ஆவணி பிறக்க நாளில்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்.

நாயகி